உடையாத பம்பருக்கு உறுதிச் சான்று

காட்டுக்குப் போகும் வேன்கள் நகரத்தில் பெருகிவிட்டதாலும், அவற்றில் ஒன்றுகூடக் காட்டுக்குப் போகாததாலும், அவற்றின் உறுதியை ஆராய்வதற்கென்றே அரசு ஓர் அலுவலகத்தைத் திறந்தது. வாகனப் பின்புற உறுப்புகள் நீடித்துழைப்பு ஆய்வகம் என்று அதற்குப் பெயர். முன்புறத்துக்கு வேறு அலுவலகம். அது அதே தெருவின் கோடியில், சரிவில் இருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பக்கக் கண்ணாடி யாருக்குச் சொந்தம் என்பதில் ஆரம்பித்த மனத்தாங்கல்.

பின்புற ஆய்வகத்தின் துணை ஆய்வாளர் நல்ல மனிதர். விதியில் இல்லையென்றால் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வார். அவரிடமும் ஒரு காட்டு வேன் இருந்தது. பின்னால் கனத்த அலுமினிய பம்பர். பம்பரின் ஓரத்தில் கதவு மாதிரி வெளியே திறக்கும் ஒரு கை. அந்தக் கையில் ஸ்டெப்னி. வேனுக்குள் ஒரு தக்காளிப் பையை வைக்க வேண்டுமென்றால் முதலில் கொக்கியை விடுவிக்க வேண்டும். பிறகு ஸ்டெப்னிக் கையை அகலத் திறக்க வேண்டும். அது திரும்பி வந்து முழங்காலைப் பதம் பார்க்காமல் இருக்க ஓர் ஊசியைச் செருக வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்கதவு. இதற்குள் பின்னால் நிற்கும் கார்க்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

"இவ்வளவும் எதுக்குங்க?" என்று வேன் வந்த அன்றே மனைவி கேட்டாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கு அவளுக்குப் பிடிக்காது.

"பாறையில ஏறி இறங்கும்போது பின்பக்கம் அடிபடக் கூடாதுல்ல?"

"எந்தப் பாறை?"

பாறை அப்போது முடிவாகியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் முடிவாகவில்லை. வேன் வீட்டிலிருந்து அலுவலகம் போனது. அலுவலகத்திலிருந்து வீடு வந்தது. ஒருமுறை மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கியது. அன்று துணை ஆய்வாளர் வண்டியை ஓரங்கட்டி, டயரைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மேலே போனார்.

அந்தத் தெருவில் இது அதிசயம் இல்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் வேனில் ஏணி, கூடாரம், விளக்கு வரிசை, மணலில் சிக்கினால் தோண்டுவதற்கு மண்வெட்டி எல்லாம் இருந்தன. மண்வெட்டியில் விலைச் சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய கிளினிக் அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். கூப்பிட்டால் கேட்கும். அவர் வேனில்தான் போவார்.

இந்த ஆண்டு மனைவி முடிவெடுத்துவிட்டாள். அவளுடைய தங்கையும் தங்கை கணவரும் காட்டுக்குள் ஓர் ஏரிக்கரையில் மரவீடு பிடித்திருந்தார்கள். மண்பாதையில்தான் போக வேண்டும். தங்கை கணவர், அதாவது துணை ஆய்வாளரின் சகலை, போனில் சிரித்தார். "என்ன சகலை, உங்க வேனுக்கு இன்னும் கூச்சம் தெளியலையா?"

"இந்த லீவுல அந்த வேன் சேத்தைப் பார்க்கணும்" என்றாள் மனைவி. "இல்லேன்னா ஸ்டெப்னியைக் கழட்டி மரத்துல ஊஞ்சல் கட்டிடுவேன். அதாவது ஆடுமே."

மகள் அன்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். துணை ஆய்வாளரும் விடுப்பு விண்ணப்பத்தைப் பணிந்து சமர்ப்பித்தார். இயக்குநர் அதைக் கனிவோடு பார்த்தார்.

"தாராளமா போங்க. கையில எத்தனை கோப்பு இருக்கு?"

"ஒண்ணுதான் சார். ஒரு பம்பர்."

"அதை உடைச்சுட்டுக் கிளம்புங்க."

இங்கே ஆய்வகத்தின் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பம்பர் எவ்வளவு உறுதி என்று அரசு சான்று கொடுக்க வேண்டுமானால், அது எந்த அடியில் உடைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். உடைந்தால்தான் உறுதி தெரியும். உறுதி தெரிந்தால்தான் சான்று. ஆகவே உடையாத பம்பருக்குச் சான்று இல்லை. இதில் குறை காண முயன்ற ஒருவரை முன்பே முன்புற அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சான்று கேட்டு விண்ணப்பித்திருந்த பட்டறைக்காரர் தன் பம்பரைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். மேஜையில் வைத்துப் பிரித்தார். அலுமினியம் பளபளவென்று இருந்தது. ஸ்டெப்னிக் கையை ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் திறந்தது. விட்டார். 'டக்' என்று போய்ப் பூட்டிக்கொண்டது.

"சார், இது உடையாது" என்றார் பெருமையாக.

துணை ஆய்வாளரின் முகம் தொங்கிவிட்டது. "உடையாதா?"

"உடையவே உடையாது."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. கொஞ்சமாவது உடையும்ல?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? யானை உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"யானை இந்தத் துறையில வராதுங்க. இதோட உறுதி எவ்வளவுன்னு நான் சான்றுல எழுதணும். உடையாத பொருளுக்கு நான் என்னத்த எழுதறது?"

"'நிறைய'ன்னு எழுதுங்க."

"'நிறைய'ங்கிறது அளவு இல்லைங்க."

பட்டறைக்காரர் யோசித்தார். "சரி, மத்தவங்களுக்கு எப்படிக் குடுத்தீங்க?"

துணை ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். "போன தடவை ஒரு கம்பெனிக்காரங்க கொண்டுவந்தாங்க. மேஜையில வைக்கும்போதே ரெண்டாப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள சான்று. அப்படி ஒரு ஒத்துழைப்பு!"

அந்தக் கம்பெனி பம்பர்தான் அவருடைய வேனிலும் மாட்டியிருந்தது. தான் கையெழுத்திட்ட சான்றைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

ஆய்வு முறைப்படி தொடங்கியது. முதலில் சம்மட்டி. அலுவலக உதவியாளர் ஓங்கி அடித்தார். சம்மட்டியின் பிடி முறிந்து, தலை மட்டும் பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பம்பரில் ஒரு கீறல் இல்லை. அடுத்து உப்புத் தண்ணீர். துருப்பிடித்தாவது இளகும் என்று இரும்புத் தொட்டி நிறையக் கரைத்து ஊறப் போட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது தொட்டி துருப்பிடித்திருந்தது. பம்பர் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்தது ஸ்டெப்னிக் கை. அதை ஓயாமல் திறந்து மூடுவதற்கு ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் உண்டு. அந்த இயந்திரத்தின் கை உடைந்து பழுதுபார்க்கப் போயிருந்தது. இயக்குநர் ஆழ்ந்து யோசித்து ஓர் ஆணை பிறப்பித்தார். 'மேற்படி உறுப்பினை அலுவலக நுழைவாயிலில் கதவாகப் பொருத்தி, பொதுமக்களின் ஒத்துழைப்புடன் ஆய்வினைத் தொடரலாம்.'

பொருத்தினார்கள். வாசல் தூணில் பம்பர், அதிலிருந்து நீளும் கை, கையில் ஸ்டெப்னி. வருகிறவர்கள் எல்லாம் டயரைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். தள்ளியதும் திறந்த முதல் பொருள் அந்த அலுவலகத்தில் அதுதான் என்று மக்கள் வியந்தார்கள். வேலையே இல்லாதவர்கள்கூட இரண்டு தடவை வந்து போனார்கள். தாமதமாக வரும் ஊழியர்களை 'டக்' என்ற சத்தம் காட்டிக்கொடுத்தது. கை மட்டும் அசையவில்லை. அதாவது அசைய வேண்டிய அளவுக்கு மேல் அசையவில்லை. தூணில்தான் விரிசல் விட்டது.

"சார், தூண் போகுது" என்றார் உதவியாளர்.

"வாசல் முன்புறம்தானே?" என்றார் இயக்குநர். "நமக்குச் சம்பந்தமில்லை."

தினமும் மதியம் வீட்டிலிருந்து போன் வரும்.

"எப்படி இருக்கு?" என்பாள் மனைவி, ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிக்கிற குரலில்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஐயோ. ஒரு விரிசல்கூட இல்லையா?"

"தூணுலதான்."

"தங்கச்சி நாளைக்கே கிளம்பிடுவாளாம். நம்ம பொண்ணு பெட்டியைப் பிரிக்க மாட்டேங்கிறா. பல் தேய்க்கிற பிரஷ் அதுக்குள்ளதான் இருக்கு."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்கும். "அப்பா, அது இன்னும் உயிரோட இருக்கா?"

பட்டறைக்காரரும் நாள்தோறும் வந்தார். முதலில் பெருமையோடு வந்தார். பிறகு கவலையோடு வந்தார். சான்று இல்லாமல் அவர் ஒரு பம்பரும் விற்க முடியாது. ஒருநாள் வாசலில் நின்று, யாரும் பார்க்காதபோது, பம்பரைத் தடவிக்கொடுத்து, "உடைஞ்சுடுப்பா ராசா, என் மானத்தைக் காப்பாத்து" என்று கெஞ்சினார். அதுவும் பலிக்காமல் போகவே, சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன ரம்பத்தை எடுத்தார்.

துணை ஆய்வாளர் பதறிப்போய்ப் பிடுங்கினார். "என்னங்க இது! தானா உடையணும். நாம உதவி செஞ்சா அது முறைகேடு."

"நான் செஞ்ச பொருள் சார். நானே அறுத்துக்கிறேன்."

"நேர்மையா உடையாத பொருள் எனக்கு வேண்டாம்!"

கடைசியில் இயக்குநரே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். 'பிற வழிகள் பலனளிக்காதவிடத்து, தகுந்த எடையுள்ள வாகனத்தைக் கொண்டு மோதிப் பார்க்கலாம்' என்று இருந்தது. துறைக்கு ஒரு வாகனம் இருந்தது. ஆனால் அதன் எஞ்சின் முன்புற அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது.

எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். வெளியே துணை ஆய்வாளரின் வேன் நின்றுகொண்டிருந்தது.

"சார், அது என் சொந்த வண்டி" என்றார் துணை ஆய்வாளர்.

"விதியில யாருடைய வாகனம்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. அவர் தனியாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"நம்ம வேனை வெச்சு மோதச் சொல்றாங்க."

"மோதினா லீவு உண்டா?"

"உண்டு. ஆனா நம்ம வேனும்மா..."

"எதையாவது மோதத்தானே வாங்கினீங்க? பாறைதான் கிடைக்கலை, இதையாவது மோதுங்க. நல்லா வேகமா வாங்க."

துணை ஆய்வாளர் வண்டியில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். பின்பக்கமாக எடுக்கப்போவதற்கு அறிகுறியாக விளக்கைப் போட்டார். ஊழியர்கள் எல்லோரும் மாடியில் கூடி நின்றார்கள். பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேன் ரிவர்ஸில் சீறிக்கொண்டு வந்தது.

அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள்கூடக் குரைக்க மறந்தன.

தூசி அடங்கியதும் பார்த்தார்கள். தூண் சாய்ந்திருந்தது. ஆனால் பட்டறைக்காரரின் பம்பர், சாய்ந்த தூணில் மாட்டியபடியே, பளபளவென்று, முன்னைவிடச் சற்று இளமையாக இருந்தது. துணை ஆய்வாளருடைய பம்பர் இரண்டு துண்டு. பின்கதவில் ஒரு வாளி அளவுக்குப் பள்ளம். அவருடைய ஸ்டெப்னிக் கை கழன்று விழ, ஸ்டெப்னி விடுதலை பெற்று, சரிவில் உருண்டு, தெருவில் எல்லோரும் வழிவிட, நேராகப் போய் முன்புற அலுவலகத்தின் வாசலில் படுத்தது. அங்கே அதைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பின்புற உறுப்பு.

துணை ஆய்வாளர் இறங்கி வந்து பார்த்தார். "போச்சு சார். உடையலை."

இயக்குநர் அவர் தோளில் கைவைத்தார். "அவசரப்படாதீங்க. ஆய்வுல பம்பர் உடைஞ்சுதா இல்லையா?"

"உடைஞ்சுது. ஆனா என்னோடது."

"அலுமினியம்தானே?"

"அலுமினியம்தான் சார்."

"பின்புறம்தானே?"

"பின்புறம்தான்."

"அப்புறம் என்ன? பம்பர் உடைந்தது. எந்த அடியில் உடைந்ததுன்னும் தெரிஞ்சுபோச்சு. சான்று எழுதுங்க."

அன்று மாலையே சான்று கொடுக்கப்பட்டது. பட்டறைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். துணை ஆய்வாளருக்கு அடுத்த வாரத்திலிருந்து விடுப்பு. உடைந்த துண்டுகளை மட்டும் கோப்போடு இணைக்க வேண்டும் என்பதால் கிளம்பும் நாள் காலை உதவியாளர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

நசுங்கிய வேனோடு அவர் தெருவுக்குள் நுழைந்தபோது பல் டாக்டர் தன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கையிலேயே நின்றுவிட்டது.

"சார்! எங்க போயிட்டு வர்றீங்க?"

துணை ஆய்வாளருக்குப் பொய் வராது. "ஆபீஸுக்கு."

டாக்டர் புரிந்துகொண்டு சிரித்தார். "சொல்ல மாட்டீங்க. பெரிய ஆளுங்க இப்படித்தான்." பின்கதவின் பள்ளத்தை மெல்லத் தடவினார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பழக்கத்தில் உள்ளே ஒரு விரலை விட்டு ஆழம் பார்த்தார். "ஆஹா. இது சாதாரண அடி இல்லை. இது வாழ்ந்த வண்டி!"

தெருவே திரண்டுவிட்டது. பள்ளத்தின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வயதான தம்பதி பேரக்குழந்தையைத் தூக்கிவந்து காட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் தெரு முழுவதும் டமால் டமால் என்று சத்தம். அவரவர் வேனை அவரவரே அடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் பல் குடையும் கருவியால், அளவு பார்த்து, வரிசை தவறாமல் ஒரு பள்ளம் போட்டார்.

கடைகள் சும்மா இருக்குமா? ஆற்றுக்கல் அடி, மலைச்சரிவு அடி, மரவேர்க் கீறல் என்று ஆயத்த அடிகள் விலைக்கு வந்துவிட்டன. மேஜையில் வைக்கும்போதே உடைந்த பம்பரைச் செய்த கம்பெனிக்காரர்கள், அதை இப்போது உடைத்தே விற்றார்கள். சான்றும் ஏற்கெனவே இருந்தது. பட்டறைக்காரர் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தரும் என் பம்பரை வாங்கலை சார். எவ்வளவு அடிச்சாலும் அடிபட்ட மாதிரியே தெரியலையாம்."

துணை ஆய்வாளருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கிளம்பும் காலை அது. உதவியாளர் வந்து உடைந்த துண்டுகளை எடுத்துப்போனார். பம்பரும் இல்லை, ஸ்டெப்னிக் கையும் இல்லை. மனைவி பின்கதவைச் சட்டென்று திறந்தாள். பெட்டிகள் நொடியில் ஏறிவிட்டன.

"இது இவ்வளவு சுலபமா திறக்குமா!" என்று அவள் வியந்து நின்றபோது இயக்குநரின் போன் வந்தது.

"கிளம்பிட்டீங்களா? கிளம்பாதீங்க. நிலைமை மோசம். அடி வாங்கினவங்கள்லாம் புகார் குடுத்திருக்காங்க. ரெண்டு தடவை கழுவினா பள்ளம் மேல வந்துடுதாம். காசு குடுத்து வாங்கின அடி நிலைக்க வேண்டாமா? அடிகளின் நீடித்துழைப்பை உடனே ஆராயணும்னு மேலிடத்து உத்தரவு."

"சார், என் லீவு..."

"ரத்து. ஒரு அடி எப்போ மறையுதுன்னு கண்டுபிடிச்சாத்தான் அது எவ்வளவு நாள் நிலைக்கும்னு சான்று குடுக்க முடியும். பார்த்துக்கிட்டே இருக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது."

துணை ஆய்வாளர் போனை வைத்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பையை மட்டும் இறக்கி வாசலில் வைத்தாள். அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு மண்பாதையில ஓட்டத் தெரியாதேம்மா" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

வேன் போய்விட்டது.

அந்த விடுமுறை முழுக்கத் துணை ஆய்வாளர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வரிசையாக வைக்கப்பட்ட நசுங்கிய தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து மகள் போன் செய்வாள். வேன் சேற்றில் புதைந்ததையும், சித்தப்பா தள்ளப்போய் முழுக்க நனைந்ததையும், அம்மா தானே பலகை போட்டு வண்டியை எடுத்ததையும் மூச்சுவிடாமல் சொல்வாள். "அப்பா, நீங்க என்ன பண்றீங்க?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்மா."

"என்னத்தை?"

பதில் ரகசியக் கோப்பில் இருந்ததால் அவர் சொல்லவில்லை.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, வேன் தெருவுக்குள் நுழைந்ததும் அவரவர் கைவேலை நின்றுவிட்டது. வேனின் நிறமே தெரியவில்லை. சக்கரத்திலிருந்து கூரைவரை காய்ந்த சேறு. ஜன்னலில் இலை ஒட்டியிருந்தது. கண்ணாடித் துடைப்பானில் ஒரு புல் சிக்கியிருந்தது. பம்பர் இல்லாத பின்புறம் மொட்டையாக இருந்தது. மனைவியும் மகளும் கறுத்துப்போய், சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

தெருவாசிகள் கூடினார்கள். யாருக்கும் முகம் சரியில்லை. கடைசியில் பல் டாக்டர்தான் துணை ஆய்வாளரைத் தனியாக அழைத்துப்போய், நாசூக்காகச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நாலு நல்ல வேன் நிக்கிற தெரு. அவ்வளவு அருமையான அடி, சேத்துல மூடிப்போச்சு. இதென்ன கோலம்? ஏதோ நிஜமாவே காட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கே!"

துணை ஆய்வாளருக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். தெருக்காரர்களும் ஆளுக்கொரு வாளியோடு வந்துவிட்டார்கள். அப்படியொரு ஒற்றுமையை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. மனைவி கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து, ஏரிக்கரைச் சேறு சாக்கடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மட்டும் டாக்டரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்கிள், நீங்க எப்ப காட்டுக்குப் போவீங்க?"

டாக்டர் சேற்றைத் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"நாங்க ஏம்மா போகணும்? எங்ககிட்டதான் வேன் இருக்கே."